நேர்ந்து விட்ட தாடி

அப்பாவின் முகத்தில் மாஸ்க்கை வைத்து நான்கு பட்டைகளையும் இறுக்கினால் மூச்சு இயந்திரம் முதலில் அமைதியாக ஓடும். அவர் இரண்டு மூச்சு விட்டதும் தாடிக்குள்ளிருந்து காற்று சீறத் தொடங்கும். சின்னத் திரையில் சிவப்பு விளக்கு எரியும். காற்று கசிகிறது என்று அர்த்தம். நான் பட்டைகளை இன்னும் இறுக்குவேன். மூக்குத்தண்டில் புண் வந்ததே தவிர சீறல் நிற்கவில்லை.

தேனியில் டாக்டர் அப்பாவிடம் நேராகவே சொன்னார்.

"பெரியவரே, ரத்தத்துல கரியமில வாயு ஏறிக்கிட்டே இருக்கு. அதனாலதான் ரெண்டு தடவை நினைவில்லாமப் போச்சு. இந்த மெஷின் வேலை செய்யணும்னா தாடிய எடுக்கணும். இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா தொண்டையில குழாய் போடணும். போட்டா திரும்ப எடுக்க முடியும்னு என்னால சொல்ல முடியாது."

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே, "இவ அம்மாட்ட... கேக்கணும்," என்றார்.

"தாடி உங்களுதா, அம்மாவுதா?"

டாக்டர் சிரித்தார். நான் குனிந்து ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

தாடி அப்பாவினுடையதுதான். ஆனால் டாக்டர் கேட்டது தவறான கேள்வி இல்லை.

போன வருடம் ஆனி மாதம் அண்ணன் குமுளிக்குத் திராட்சை ஏற்றிக்கொண்டு போனான். திரும்பி வரும்போது லோயர் கேம்ப்பில் ஆற்றோரமாக வண்டியை நிறுத்தி, ஒரு முங்கு போட்டு வருகிறேன் என்று இறங்கினான். உடன் போன ஜோயல் வண்டியிலேயே உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தான். பேசி முடித்து இறங்கிப் பார்த்தபோது படியில் செருப்பு இருந்தது. சட்டை மடித்து வைத்திருந்தது. தண்ணீர் கரையை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி இறங்கினார்கள். உத்தமபாளையம் தாண்டியும் தேடினார்கள். அண்ணன் கிடைக்கவில்லை.

கரையில் அத்தனை பேர் பார்க்க அப்பா வீரபாண்டிக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கை கூப்பினார்.

"ஆத்தா கௌமாரி, எம்புள்ளைய முழுசாக் கொண்டாந்து விடு. அவன் வந்து எம்பக்கத்துல நின்னாத்தான் எம்முகத்துல கத்தி படும். அவன வச்சுத்தான் ஓங்கோயில்ல முடி எறக்குவேன்."

அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. அம்மாதான் அதை எடுத்து வைத்துக்கொண்டாள். அப்பாவின் தாடிக்கு எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, சீவி விட்டாள். வீட்டில் அண்ணன் படத்துக்கு மாலை போடவில்லை. உறவுக்காரர்கள் யாராவது வந்து, "மனசக் கல்லாக்கிக்கிட்டு ஒரு காரியம் பண்ணிருங்க பவுனு," என்று தொடங்கினால் அம்மா அப்பாவின் முகத்தைக் காட்டுவாள்.

"அங்கன பாருங்க. வளந்துக்கிட்டு இருக்குல்ல?"

அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

டாக்டர் சொன்னதை நான் அம்மாவிடம் சொன்னபோது அவள் கூடையில் திராட்சைக் கொத்துகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அழுகின பழங்களைக் கத்தரியால் நறுக்கி எடுத்துவிட்டு, கொத்தைத் திருப்பிப் பார்த்து வைத்தாள். நான் முடித்த பிறகும் இரண்டு கொத்து அடுக்கினாள்.

"மாஸ்க்க மாத்தித் தரச் சொல்லு. பெருசா ஒன்னு இருக்காதா?"

"எல்லா மாஸ்க்கும் தோல்லதாம்மா உக்காரும். முடி மேல உக்காராது. இடுக்கு இருந்தா காத்து அது வழியாத்தான் போகும்."

"நீ படிச்சவ, சொல்லுவ."

நான் அடுத்த நாள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் பலவேசத்தின் சலூனுக்குப் போனேன். ஆண்கள் கடைக்குள் போகக் கூச்சமாக இருந்தது. அப்பாவுக்குச் சவரம் செய்ய வீட்டுக்கு வர முடியுமா என்று வாசலில் நின்றே கேட்டேன். அவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"யாரு, சுருளியண்ணனுக்கா? வேணாந்தாயி. அது சாமிக்கு விட்ட முடி. கோயில்ல எறக்குறவுக எறக்கட்டும். ஓடப்பட்டில எவன் கடைக்குப் போனாலும் இதான் சொல்லுவான். தப்பா எடுத்துக்காத."

உள்ளே முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அப்படியென்றால் நான்தான் செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டில் சவரம் தெரிந்தவன் அண்ணன் ஒருவன்தான். அப்பா எப்போதும் பலவேசத்திடம் போய்விடுவார். அண்ணனுக்கு அது பைத்தியம். ஆன்லைனில் ஒரு இரும்பு ரேசர் வாங்கியிருந்தான். தலைப்பைத் திருகிக் கழற்றி ஒற்றை பிளேடு போடுகிற வகை. கையில் வைத்தால் கனமாக இருக்கும். பிரஷ், சோப்புக் கிண்ணம் எல்லாம் தனியாக வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்பக்கக் குழாயடியில் கண்ணாடியை ஆணியில் மாட்டி, பிரஷால் நுரை அடித்துக்கொண்டு பாடம் நடத்துவான். நான் அங்கேதான் துணி துவைத்துக்கொண்டிருப்பேன்.

"அழுத்தக் கூடாது கயலு. எடை அதுக்கே இருக்கு. நீ சாய்ச்சு மட்டும் பிடி, தானா எறங்கும்."

"நான் எங்க அழுத்துனேன்? துணியில்ல துவைக்கிறேன்."

"அறிவு எப்பவாச்சும் உதவும். முடி எந்தப் பக்கம் படியுதோ அந்தப் பக்கமா முதல்ல. எதுத்துப் போனா பிச்சுக்கிரும். சரி, நீ கெமிஸ்ட்ரிதான, சோப்பு ஏன் முடிய மெதுவாக்குது, சொல்லு?"

"சோப்பு மெதுவாக்கல. தண்ணிதான் மெதுவாக்குது. சோப்பு அந்தத் தண்ணியப் பிடிச்சு வச்சுக்கிருது, அம்புட்டுத்தான்."

"பாத்தியாம்மா, என் சோப்பக் கேவலப்படுத்துறா!"

ஒரு நாள் அப்பா அங்கே பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ரேசரை அவர் முன்னால் நீட்டி, "வாங்கப்பா, ஒங்க மீசைய எடுத்துப் பாப்போம். பத்து வயசு கொறஞ்சிரும்," என்றான்.

"ஏலே, இது எங்கய்யா செத்தப்ப எடுத்தது. இனி நான் போனா நீ ஓம்மீசைய எடுப்ப. அம்புட்டுத்தான் கணக்கு. சும்மா எடுக்கிறதுக்கு இது என்ன தலைமுடியா?"

எங்கள் பக்கத்தில் ஆண்கள் மீசையை எடுப்பது வீட்டில் சாவு விழுந்தால்தான். அப்பா மீசையில்லாமல் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்த நாளில் நான் சின்னப் பிள்ளை. யாரோ வந்துவிட்டார் என்று கதவுக்குப் பின்னால் போய் நின்று அழுதேனாம்.

அண்ணன் போன பிறகு அந்த ரேசரை யாரும் தொடவில்லை. டம்ளரில் நிறுத்தி, பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி, அம்மா அலமாரி மேல்தட்டில் வைத்திருந்தாள். நான் ஒரு தடவை தூசி தட்டப் போனபோது, "தொடாத. வந்து கத்துவான்," என்றாள்.

அதனால் நான் தேனிக்குப் போய் வேறு ரேசர் வாங்கினேன்.

கடைத்தெருவில் சுந்தர்ராஜ் அண்ணாச்சியின் கடை. சோப்பு, சீப்பு, பவுடர் எல்லாம் கிடைக்கும். இரண்டு பையன்கள் ஜெல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும் வரை நான் ஊக்கு அட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா வேணும்?"

"ரேசர்."

"லேடீஸுக்கா?"

"இல்ல. ஆம்பளைக்கு."

"அண்ணனுக்கா? இல்ல, கல்யாணம் பேசியிருக்கா?"

"அப்பாவுக்கு."

கல்லாவில் இருந்த அவர் மனைவி ஜெபஷீலா நிமிர்ந்தார். "அந்தப் பிள்ளைய ஏன் குறுக்கு விசாரணை பண்றீக? எடுத்துக் குடுங்களேன்."

"தெரியாமக் குடுத்தா நாளைக்கு மொகமெல்லாம் கிழிஞ்சிருச்சுன்னு வந்து நிப்பாக. அப்பா தானே வழிச்சுக்குவாகளாம்மா?"

"நான்தான் செய்யணும். அவருக்கு ஒடம்பு சரியில்ல."

அவர் முகம் மாறியது. கேலியை விட்டுவிட்டு மூன்று வகை எடுத்துக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார். ஒன்று தூக்கி எறிகிற பிளாஸ்டிக் ரேசர். ஒன்று மூன்று பிளேடு அடுக்கி, தலைப்பு மட்டும் மாற்றுகிறது. ஒன்று அண்ணனுடையது போன்ற இரும்பு ரேசர். நான் அதை எடுக்கவில்லை.

"தாடி எத்தன நாளு?"

"ஒரு வருசத்துக்கு மேல."

"நான் நாளக் கேட்டா நீ வருசத்தச் சொல்ற!" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "வேண்டுதலாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

"முதல்ல கத்திரி போட்டு ஒட்ட வெட்டிரு. அப்பறம் சுடுதண்ணித் துணி போட்டு ஊற விடு. இரும்பு ரேசரு நல்லாத்தான் வழிக்கும். ஆனா கை பழகணும், பழகாத கைக்கு வெட்டிரும். இந்த மூணு பிளேடுதான் பயமில்லாதது. தலைப்பு வளைஞ்சு குடுக்கும்."

பயமில்லாததையே வாங்கினேன். ஒரு நுரை டப்பாவும் ஒரு தலைப்பும் கூடுதலாக. ஜெபஷீலா அதை உறையில் போட்டுத் தரும்போது, "அப்பாவுக்காக ஜெபம் பண்ணிக்கிறேம்மா," என்றார். சரி என்றேன்.

ரேசர் வந்துவிட்டது. அம்மாவின் சம்மதம் வரவில்லை.

அன்று மதியம் அப்பா உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். எழுப்பினால் விழித்தார், மறுபடி கண் சொருகினார். உதடு லேசாக நீலம் பூத்திருந்தது. மாஸ்க்கைப் போட்டேன். சீறியது. இரண்டு கையாலும் மாஸ்க்கை முகத்தோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்போதும் என் விரல்களுக்கிடையில் காற்று வந்துகொண்டே இருந்தது. அவர் கண் தெளிந்து என்னைப் பார்க்கும் வரை கையை எடுக்கவில்லை. அம்மா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

"ஒரு வழி இருக்கும்மா," என்றேன். "எடுக்கிற முடிய மஞ்சத்துணியில முடிஞ்சு வைப்போம். ஒரு காசும் சேத்து. கோயிலுக்குப் போக முடியாதவுக காசு முடிஞ்சு வைக்கிறாகள்ல, அது மாதிரி. அண்ணன் வந்ததும் கொண்டு போயிக் குடுப்போம். வேண்டுதல் முறியாது. கொஞ்சம் தள்ளிப் போகும், அம்புட்டுத்தான்."

"அண்ணன் வந்ததும்னு சொல்ற."

"ஆமா."

"நம்பிச் சொல்றியா?"

நான் அப்பாவின் தாடியைப் பார்த்தேன். என் கைகள் அமுக்கிய இடத்தில் அது கலைந்து கிடந்தது. அம்மா வந்து அதை நீவிச் சரிசெய்தாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழம. வேணாம். சனிக்கிழம எடு," என்றாள். "ஒரு முடி கூடக் கீழ விழக் கூடாது."

சனிக்கிழமை காலை அப்பாவைக் குழாயடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். மடியில் வெள்ளை வேட்டியை விரித்தோம். இயந்திரம் இல்லாமல் அவரால் அதிக நேரம் உட்கார முடியாது. நான் கத்தரியை எடுத்தேன். திராட்சை நறுக்குகிற கத்தரிதான், கழுவி வைத்திருந்தேன். வெட்டிய தாடி கொத்துக் கொத்தாக வேட்டியில் விழுந்தது. தேங்காய் எண்ணெய் வாசம். அம்மா ஒவ்வொரு கொத்தையும் எடுத்து மஞ்சள் துணியில் வைத்து, ஒரு ரூபாய்க் காசைச் சேர்த்து முடிச்சுப் போட்டாள்.

சுடுதண்ணீரில் பிழிந்த துண்டை அப்பாவின் முகத்தில் போர்த்தினேன். நுரை வைத்தேன். புது ரேசரை இடது கன்னத்தில் வைத்து இழுத்தேன். ஒரு இழுப்பிலேயே மூன்று பிளேடுகளுக்கிடையில் முடி அடைத்துக்கொண்டது. கிண்ணத்துத் தண்ணீரில் அலசினேன். போகவில்லை. தட்டினேன். அம்மா அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி அதிலிருந்த முடிகளையும் எடுத்தாள். மறுபடி இழுத்தேன். அது வழிக்கவில்லை, பிடுங்கியது. அப்பாவின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது.

"வலிக்குதாப்பா?"

"இல்ல... செய்யி."

தலைப்பை மாற்றினேன். அதுவும் இரண்டு இழுப்புக்கு மேல் தாங்கவில்லை. இன்னும் அழுத்தினேன். தாடையோரத்தில் ரத்தம் புள்ளியாக வந்து நுரையில் பரவியது. பாதிக் கன்னம் மட்டும் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. அப்பாவின் தோள்கள் மூச்சுக்காக ஏறி இறங்கின. என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது. ரேசரைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு நின்றேன்.

அம்மா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்த டம்ளரும் பிளேடு டப்பாவும் இருந்தன. பிளாஸ்டிக் கவரை அங்கேயே கழற்றியிருந்தாள்.

"பழைய பிளேட எடுத்துரு. புதுசு டப்பாவுல இருக்கு."

"அம்மா, அண்ணனோடது..."

"கத்துனா நான் பேசிக்கிறேன். தண்ணி ஆறிரப் போகுது, செய்யி."

தலைப்பைத் திருகினேன். உள்ளே பழைய பிளேடில் காய்ந்த சோப்பு வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதில் பொடியாகக் கறுப்பு முடிகள். அம்மா கையை நீட்டினாள். பிளேடைக் காகிதத்தில் வைத்துக் கொடுத்தேன். அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

புது பிளேடைப் போட்டுத் திருகியதும் கனம் கைக்குத் தெரிந்தது. அழுத்தவில்லை. காதோரத்தில் வைத்து, சாய்த்து, முடி படிந்திருக்கும் பக்கமாக விட்டேன். தானாக இறங்கியது. சரக் சரக் என்று ஒரு சத்தம்.

அப்பா கண்களை மூடியபடி, "அதே சத்தம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமைச் சத்தம். வலது கன்னம் முடிந்தது. இடது கன்னத்தில் விட்ட திட்டுகளைச் சரிசெய்தேன். கழுத்துக்கு அவரே தலையைப் பின்னால் சாய்த்துக் கொடுத்தார். கடைசியாக மோவாய். நுரையை வழித்துவிட்டுத் துண்டால் துடைத்தேன்.

அண்ணனின் மோவாய். நடுவில் அதே சின்னக் குழி. இவ்வளவு நாளும் அது தாடிக்குள் இருந்திருக்கிறது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். கையை நீட்டி அந்தக் குழியில் விரலை வைத்தாள். எடுத்துக்கொண்டாள்.

"முடிஞ்சது," என்றேன். "மீசை இருக்கட்டும். மாஸ்க் அதச் சுத்தித்தான் உக்காரும்."

"அதையும் எடுத்துரு ஆத்தா."

அம்மாதான் சொன்னாள்.

"வேணாம்மா. மீசையால காத்து கசியாது."

"நான் காத்துக்காகச் சொல்லல."

அப்பா கண்ணைத் திறந்தார். "பவுனு," என்றார்.

"எம்புட்டு நாளைக்குத்தான் அவனத் தண்ணியிலயே நிக்க வைக்கிறது? குளிரும்ல புள்ளைக்கு. செய்ய வேண்டியதச் செஞ்சு வீட்டுக்குக் கூப்பிட்டுக்கிருவோம்."

குரல் உயரவில்லை. பழம் நறுக்கும்போது பேசுவது போலத்தான் பேசினாள். பேசிக்கொண்டே மஞ்சள் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். காசை எடுத்துத் தொட்டி விளிம்பில் வைத்தாள்.

அப்பா அந்தக் காசையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரேசரைப் பிடித்தபடி நின்றேன். அவர் வேண்டாம் என்று சொன்னால் உள்ளே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று இருந்தது. சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். நாக்கை மேலுதட்டுக்குள் கொடுத்து மீசையடித் தோலை இறுக்கமாக உந்திக் காட்டினார். அண்ணன் கண்ணாடி முன்னால் அப்படித்தான் செய்வான்.

நுரை வைத்தேன். நரைத்த மீசை. நடுவிலிருந்து ஒரு பக்கம், பிறகு மறு பக்கம். நுரை மேல் கண்ணீர் இறங்கி வழி போட்டுக்கொண்டு வந்தது. அது ரேசரில் படாமல் துடைத்துத் துடைத்து எடுத்தேன். வெட்டுப் படவில்லை.

அப்பாவை உள்ளே கூட்டிவந்து கட்டிலில் சாய்த்தேன். மீசையில்லாத முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. மாஸ்க்கை வைத்துப் பட்டைகளைப் போட்டேன். இறுக்க வேண்டியிருக்கவில்லை. இயந்திரத்தை ஓட விட்டேன். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. சிவப்பு எரியவில்லை. காற்று எங்கும் போகாமல் அப்பாவுக்குள் போனது. நெஞ்சு நிதானமாக ஏறி இறங்கியது.

சீறல் இல்லாததால் வீடு முழுக்க எல்லாச் சத்தமும் கேட்டது. குழாயடியில் தண்ணீர் விழுகிற சத்தம். ரேசரை டம்ளரில் வைக்கிற சத்தம். பிறகு அம்மா அண்ணனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழுகிற சத்தம். லோயர் கேம்ப் கரையில்கூட அவள் அப்படி அழவில்லை.

அப்பாவுக்கும் கேட்டது. எழுந்து போக நினைத்து மாஸ்க்கைக் கழற்றக் கையைத் தூக்கினார். நான் அந்தக் கையைப் பிடித்து, கட்டிலோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.